வாஷிங்டன் மாநிலத்தில் பொதுத்தெருவை விடுவிக்கக் கோரி நகரத்திடம் மனு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில், பெல்வியூ, பாத்தல் வட்டாரத்தில் வீடோ கடையோ வாங்குபவர்கள் அடிக்கடி ஒன்றைப் பார்ப்பார்கள். மனைக்குப் பின்னால் புல் மண்டிய ஒரு சந்து இருக்கும். அல்லது வரைபடத்தில் தெரு என்று போட்டிருக்கும், நேரில் போனால் மரமும் புதரும்தான் நிற்கும். அந்த நிலத்தை நம் மனையோடு சேர்த்துக்கொள்ள வழி உண்டா என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. வழி உண்டு. வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பின் 35.79 அத்தியாயம் அதற்கான முறையைச் சொல்கிறது. கீழே உள்ள பதில்கள் அந்த மாநிலத்துக்கு மட்டும் பொருந்தும். மற்ற மாநிலங்களில் கையெழுத்து விகிதமும் கட்டண முறையும் வேறு.

தெருவை விடுவிப்பது என்றால் என்ன? நகரம் நமக்கு நிலத்தை விற்கிறதா?

விற்பனை இல்லை. வாஷிங்டனில் பெரும்பாலான தெருக்களின் அடிநிலம் நகரத்துக்குச் சொந்தமானது அல்ல. மனைப்பிரிவு போட்டவர் வரைபடத்தைப் பதிவு செய்தபோது, அந்த நிலத்தின் மேல் மக்கள் போய்வரும் உரிமையை மட்டும் பொதுவுக்கு ஒப்படைத்தார். நகரம் அந்த உரிமையை மக்கள் சார்பில் வைத்திருக்கிறது. அடிநிலத்தின் உரிமை இருபுறத்து மனைக்காரர்களிடம் தொடர்ந்து வருகிறது. விடுவிப்பு என்பது நகரம் அந்தப் பொது உரிமையைக் கைவிடுவது. சுமை நீங்கியதும் நிலம் இயல்பாகப் பக்கத்து மனைகளோடு சேர்கிறது.

"என் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தைக் கொடுங்கள்" என்று மனு எழுதினால் எடுபடாமல் போவது இதனால்தான். "இந்தப் பொது உரிமை இங்கே இனி தேவையில்லை, அதை விட்டால் ஊருக்குக் கெடுதல் இல்லை" என்று காட்டுவதுதான் மனுவின் வேலை.

யார் மனு செய்யலாம்?

விடுவிக்கக் கேட்கும் தெருவையோ சந்தையோ ஒட்டிய மனையில் உரிமை உள்ளவர்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவர் செய்ய முடியாது. நகர கவுன்சில் தானாகவே தீர்மானம் போட்டும் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் ஒட்டிய மனைக்காரர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பே தபாலில் அறிவிப்புப் போக வேண்டும். அவர்களில் 50 சதவீதம் பேர் விசாரணைக்கு முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டால், நகரம் அந்தத் தீர்மானத்தைத் தொடரவே கூடாது.

எத்தனை கையெழுத்து வேண்டும்?

மனுக்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒட்டிய சொத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடையவர்கள் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். தலைகளை எண்ணுவதில்லை, சொத்தை அளக்கிறார்கள். பல நகரங்கள் இதைத் தெருவை ஒட்டிய முகப்பு நீளத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. உங்கள் நகரம் எப்படிக் கணக்கிடுகிறது என்று கையெழுத்து வாங்கப் போவதற்கு முன்பே நகர எழுத்தர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கு பார்க்கலாம். சந்தின் நீளம் 240 அடி. இருபுறமும் சேர்த்து முகப்பு 480 அடி. ஒரு பக்கம் அ 120 அடி, ஆ 60, இ 60. எதிர்ப்பக்கம் ஈ 100, உ 80, ஊ 60. அ, ஆ, இ, உ ஆகிய நால்வர் கையெழுத்திட்டால் 320 அடி. அது சரியாக மூன்றில் இரண்டு பங்கு. சட்டம் கேட்பதோ அதற்கு மேல். ஆறு பேரில் நால்வர் ஒப்புக்கொண்டும் மனு செல்லாது. அ, ஆ, ஈ, ஊ என்ற வேறு நால்வர் கையெழுத்திட்டால் 340 அடி, மனு நிற்கும். ஆகவே நீண்ட முகப்பு உள்ள அண்டைவீட்டாரிடம் முதலில் பேசுங்கள். அவர் மறுத்தால் மீதி எல்லோரிடமும் அலைவது வீண்தானா என்பது அன்றே தெரிந்துவிடும்.

கையெழுத்து, சொத்துப் பத்திரத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் போட வேண்டும். எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டு என்று காட்டும் ஆவணம் வேண்டும். அறக்கட்டளைப் பெயரில் இருந்தால் டிரஸ்டி போட வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்து கணக்கில் வராது. மனு தயாராகும் இடைவெளியில் ஒரு வீடு விலைபோனால், புதிய உரிமையாளரிடம் மறுபடி வாங்கிவிடுவது நல்லது. பழைய பெயரைப் பார்த்து எழுத்தர் அலுவலகம் திருப்பி அனுப்பும்.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்துவிட்டால் நகரம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டுமா?

இல்லை. போதிய கையெழுத்தோடு வந்த மனுவுக்கு விசாரணை நாள் குறிப்பது மட்டும்தான் கவுன்சிலின் கடமை. கொடுப்பதும் மறுப்பதும் அதன் விருப்பம்.

2016 மே 2 அன்று சியாட்டிலில் நடந்த வாக்கெடுப்பு இதற்கு நல்ல சான்று. கூடைப்பந்து அரங்கம் கட்டுவதற்காக ஆக்சிடென்டல் அவென்யூ சவுத் தெருவின் ஒரு துண்டை விடுவிக்கக் கேட்டிருந்தார்கள். 2008-இல் ஊரைவிட்டுப் போன சூப்பர்சோனிக்ஸ் அணி திரும்ப வரும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிகளின் வழி நெரிசலாகும் என்ற கவலை இன்னொரு பக்கம். 5-4 என்ற கணக்கில் கவுன்சில் மறுத்தது. அரங்குக்கான நிலம் கையில் இருந்தும், ஒரு தெருத்துண்டு கிடைக்காமல் திட்டம் அங்கே நின்றது.

மனு கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பழைய மனைப்பிரிவு வரைபடம். கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப்பிரிவின்) பதிவு அலுவலகத்தில் கிடைக்கும். தெரு எந்த ஆண்டு ஒப்படைக்கப்பட்டது, எவ்வளவு அகலம், யாருடைய நிலத்திலிருந்து வெட்டப்பட்டது என்ற மூன்றையும் அதில் பாருங்கள். ஆண்டைப் பொறுத்து நீங்கள் கட்டும் தொகை இரட்டிப்பாகலாம். யாருடைய நிலம் என்பதைப் பொறுத்து உங்களுக்குப் பாதி கிடைக்குமா, முழுதும் கிடைக்குமா, ஒன்றுமே கிடைக்காதா என்பது மாறும். இரண்டையும் கீழே விளக்கியிருக்கிறோம்.

அடுத்தது டைட்டில் ரிப்போர்ட், அதாவது நிலம் யாருடையது, அதன் மேல் என்ன சுமை என்று காட்டும் அறிக்கை. நகரம் அந்தத் தெருவை ஒப்படைப்பாகப் பெறாமல் காசு கொடுத்தே வாங்கியிருந்தால் கதை வேறு.

மூன்றாவது, மண்ணுக்கு அடியில் ஓடுவது. குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், எரிவாயு, மின்கேபிள், தொலைபேசி, இணைய ஃபைபர் எல்லாம் தெருவழியேதான் போகும். மேலே புல் முளைத்திருப்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். நகரப் பொறியியல் பிரிவிடம் பயன்பாட்டுக் குழாய் வரைபடம் கேளுங்கள்.

நான்காவது தீயணைப்புத் துறை. அமெரிக்க நகரங்கள் பின்பற்றும் தீயணைப்பு விதித்தொகுப்பின்படி தீயணைப்பு வண்டி வரும் வழி தடையின்றி 20 அடி அகலம் இருக்க வேண்டும். 150 அடிக்கு மேல் நீளும் முட்டுச்சந்தில் வண்டி திரும்ப இடம் விட வேண்டும். தெருவின் நடுத்துண்டை விடுவிக்கக் கேட்டால் இருபுறமும் முட்டுச்சந்துகள் உருவாகும். வண்டி எங்கே திரும்பும் என்பதற்கு வரைபடத்தோடு பதில் இல்லாவிட்டால் அந்தத் துறை எதிர்ப்பாகத்தான் எழுதும். ஒரு முனையிலிருந்து தொடங்கும் துண்டைக் கேட்பது பல சமயம் எளிது.

மனுவோடு எவை போக வேண்டும்?

நகரத்துக்கு நகரம் படிவம் மாறும். பொதுவாகக் கையெழுத்துப் பக்கங்கள், ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே மனை எண்ணும் முகப்பு நீளமும், விடுவிக்கக் கேட்கும் பகுதியின் எல்லை விவரம், சுற்றுப்புற வரைபடம், காரணம் சொல்லும் கடிதம், கட்டணம் ஆகியவை வேண்டும். கட்டணம் அந்தந்த நகரத்தின் கட்டணப் பட்டியலில் இருக்கும். மனு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் திரும்ப வராது.

எல்லை விவரத்தை உரிமம் பெற்ற சர்வேயரிடம் எழுதி வாங்குங்கள். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். நகரச் சட்டத்தில் அந்த வாசகம் அப்படியே ஏறும். ஒரு கோணமோ ஒரு அளவோ தவறினால், விடுவித்த துண்டுக்கும் மனைக்கும் நடுவே யாருக்கும் எழுதப்படாத ஒரு கீற்று நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் திருத்தச் சட்டம் தேவைப்படும்.

காரணக் கடிதத்தில் உங்கள் வசதியைப் பற்றி நாலு வரி போதும். மீதி இடத்தை ஊருக்குக் கொடுங்கள். போக்குவரத்து எந்த வழியாகப் போகும், நடப்பவருக்கு என்ன மாற்று, குழாய்களுக்கு என்ன ஏற்பாடு, இன்னும் 30 ஆண்டு கழித்து ஊர் வளர்ந்தாலும் இந்த வழி ஏன் தேவைப்படாது என்பவற்றை எழுதுங்கள்.

மனு கொடுத்த பிறகு வரிசையாக என்ன நடக்கும்?

எழுத்தர் அலுவலகம் கையெழுத்தைச் சரிபார்க்கும். பிறகு கவுன்சில் ஒரு தீர்மானத்தின் மூலம் விசாரணை நாளைக் குறிக்கும். அந்த நாள், தீர்மானம் நிறைவேறியதிலிருந்து 20 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஊரில் மக்கள் அதிகம் கூடும் 3 இடங்களிலும், அந்தத் தெருவிலேயே கண்ணில் படும் ஓர் இடத்திலும் 20 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். தெருவில் ஒட்டிய தாள் மழையில் கிழிந்தோ காற்றில் பறந்தோ போயிருக்கிறதா என்று மனுதாரர் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அறிவிப்பில் குறை இருந்தது என்று பிறகு யாராவது கிளப்பினால் முழு விசாரணையையும் திரும்ப நடத்த வேண்டி வரும்.

விசாரணையை முழு கவுன்சிலோ, அதன் குழுவோ, விசாரணை அதிகாரியோ நடத்தலாம். குழுவோ அதிகாரியோ நடத்தினால் அறிக்கை கவுன்சிலுக்குப் போகும், முடிவு கவுன்சிலுடையது. ஒப்புக்கொண்டால் நகரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றும். அதன் சான்றிட்ட நகல் கவுன்ட்டி பதிவில் ஏற வேண்டும்.

சட்டம் சொல்லும் 20 நாள், 60 நாள் கணக்கைப் பார்த்து மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று திட்டமிடாதீர்கள். துறைகள் ஒவ்வொன்றும் படித்துக் கருத்து எழுதும் காலம் அதற்கு முன்னால் ஓடும். நிபந்தனைகளை நிறைவேற்றும் காலம் அதற்குப் பின்னால் ஓடும். பெரிய கட்டடத் திட்டங்களில் கவுன்சில் முதலில் நிபந்தனையோடு ஒப்புதல் தந்து, எல்லாம் முடிந்த பிறகே சட்டத்தை நிறைவேற்றுவது சியாட்டிலின் வழக்கம்.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

கட்டணம், சர்வே, மதிப்பீடு தவிர, நகரம் இழப்பீடு கேட்கலாம். பொதுவான உச்சவரம்பு, விடுவிக்கும் பகுதியின் மதிப்பில் பாதி. ஆனால் அந்தத் தெரு 25 ஆண்டோ அதற்கு மேலோ பொதுவழியாக ஒப்படைக்கப்பட்டு இருந்தாலும், பொதுப் பணத்தில் வாங்கப்பட்டிருந்தாலும் முழு மதிப்பையும் கேட்கலாம். பழைய ஊர்களில் அனேகமாக எல்லாத் தெருக்களும் 25 ஆண்டைத் தாண்டியவை. அதனால் பாதி விலைதான் என்று பட்ஜெட் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள்.

மேலே சொன்ன 240 அடிச் சந்தின் அகலம் 16 அடி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 3,840 சதுர அடி. சதுர அடிக்கு 50 டாலர் என்று மதிப்பீட்டாளர் சொன்னால் மொத்தம் 1,92,000 டாலர். பாதி என்றால் 96,000. அ என்பவருக்குச் சேரும் பங்கு 8 அடி அகலம், 120 அடி நீளம், அதாவது 960 சதுர அடி. முழு மதிப்பில் அவர் பங்கு 48,000 டாலர். தொகையை யார் யார் எவ்வளவு கட்டுவது என்று அண்டைவீட்டார் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். மனுவில் ஆர்வமாகக் கையெழுத்துப் போட்டவர், ரசீது வரும்போது பின்வாங்குவது உண்டு. பணம் கட்டி முடிக்கும்வரை சட்டம் நடைமுறைக்கு வராது என்று கவுன்சில் எழுதலாம். அப்படி இருந்தால் ஒருவர் கட்டாததால் எல்லோரும் காத்திருக்க நேரும்.

குழாய்களுக்காக நகரம் வசதியுரிமை, அதாவது அந்த நிலத்தைக் குழாய்களுக்குத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை, வைத்துக்கொண்டால், அந்தச் சுமையைக் கணக்கில் கொண்டு மதிப்பிடும்படி மதிப்பீட்டாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கட்டடம் கட்ட முடியாத நிலத்துக்குக் கட்டக்கூடிய நிலத்தின் விலையைக் கொடுப்பது நியாயம் ஆகாது.

நகரத்துக்கு வரும் தொகையில் பாதியைப் பொதுத் திறந்தவெளிகளுக்கோ போக்குவரத்து மூலதனப் பணிகளுக்கோதான் செலவிட வேண்டும் என்றும் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. மக்களின் வழியை விட்டதால் வந்த பணத்தில் ஒரு பகுதியாவது மக்களின் வழிக்கே திரும்புவது சரியான ஏற்பாடு.

சியாட்டிலில் "பொது நன்மை" என்று கேட்கிறார்களே, அது இழப்பீட்டுக்கு மேலா?

ஆம், மேல்தான். சியாட்டில் கவுன்சிலின் விடுவிப்புக் கொள்கை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, தெரு செய்துவரும் வேலைகளுக்குக் கேடு உண்டா? போக்குவரத்து, மனைகளுக்கு அணுகல், குழாய்கள், வெளிச்சமும் காற்றும், காட்சி, திறந்தவெளி, மக்கள் கூடுவது, பேசுவது எல்லாம் அந்த வேலைகளில் அடங்கும். கூடுவதும் பேசுவதும் அந்தப் பட்டியலில் இருப்பது பொருத்தமானது. தனியார் வளாகத்துக்குள் கொடி பிடித்து நிற்கும் உரிமை யாருக்கும் இல்லை, தெருவில் உண்டு.

இரண்டாவது கேள்வி, இழப்பை ஈடுசெய்ய ஊருக்கு நிலையாக என்ன கிடைக்கிறது என்பது. கட்டட விதியே கட்டாயப்படுத்தும் ஒன்றைக் காட்டி "இதுதான் பொது நன்மை" என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். விதி கேட்கும் நடைபாதை அகலம் கணக்கில் வராது. அதற்கு மேல் விடும் அகலம் வரும். 2018-இல் வாஷிங்டன் மாநில மாநாட்டு மையத்தின் விரிவாக்கத்துக்காகச் சந்துகளையும் தெருக்களின் நிலத்தடிப் பகுதிகளையும் விடுவித்தபோது, ஃப்ரீவே பூங்கா சீரமைப்பு, மலிவு வீட்டுவசதி, சைக்கிள் பாதை, நெடுஞ்சாலை மேல் மூடி போடுவது பற்றிய ஆய்வு எல்லாம் அந்தப் பேச்சுக்குள் வந்தன. அக்கம்பக்கத்து அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கேட்டதால்தான் பட்டியல் அவ்வளவு நீண்டது.

இரண்டு மனைகளுக்கு நடுவிலுள்ள சிறு சந்துக்கு இவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆனாலும் கேள்வி அதேதான்.

தெரு வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது, ஒருநாளும் போடப்படவில்லை. அப்போதும் மனு வேண்டுமா?

வேண்டாமலும் போகலாம். 1890-இல் வந்த ஒரு பழைய மாநிலச் சட்டம், திறக்கப்படாமல் 5 ஆண்டு கிடந்த கவுன்ட்டி சாலை தானாகவே ரத்தாகும் என்றது. 1909-இல் சட்டத்தைத் திருத்தி, மனைப்பிரிவு வரைபடத்துத் தெருக்களுக்கு அது பொருந்தாது என்று ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் 5 ஆண்டு முடிந்துவிட்டவை முடிந்தவைதான். ஆகவே 1904-க்கு முன் ஒப்படைக்கப்பட்டு, அப்போது நகர எல்லைக்கு வெளியே இருந்து, 5 ஆண்டு திறக்கப்படாமல் கிடந்த தெருவாக இருந்தால், அந்த இடம் பின்னால் நகரத்துக்குள் சேர்ந்திருந்தாலும் பொது உரிமை அன்றே போயிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு விடுவிப்பு மனு கொடுப்பது, இல்லாத உரிமையை விடச் சொல்லி முழு மதிப்பும் கட்டுவதாகும். அங்கே சரியான வழி நீதிமன்றத்தில் உரிமையை உறுதிசெய்யும் வழக்கு. பழைய வரைபடம், பழைய நகர எல்லை, தெரு திறக்கப்படவில்லை என்பதற்கான சான்று மூன்றும் கையில் வேண்டும். வரைபடத்தில் 1904-க்கு முந்தைய தேதியைக் கண்டால் முதலில் சொத்து வழக்கறிஞரிடம் போங்கள்.

1904-க்குப் பிறகு வந்த தெரு என்றால் எத்தனை ஆண்டு வெறுமனே கிடந்தாலும் பொது உரிமை அப்படியே இருக்கும்.

என் வேலி 30 ஆண்டாக அந்தச் சந்துக்குள் நிற்கிறது. அனுபவ உரிமை கிடைக்காதா?

கிடைக்காது. பொதுத்தெருவில் ஆக்கிரமிப்பு எத்தனை ஆண்டு நீடித்தாலும் அது உரிமை ஆகாது. மனு கொடுத்ததும் வேலி கண்ணில் பட்டு, அகற்றச் சொல்லும் கடிதமும் வரலாம்.

விடுவித்த பிறகு யாருக்கு எவ்வளவு?

பொதுவாக நடுக்கோடு வரை இந்தப் பக்கம், அதற்கு மேல் அந்தப் பக்கம். 60 அடித் தெரு என்றால் ஆளுக்கு 30 அடி. விதிவிலக்கு உண்டு. தெரு முழுவதும் ஒரே மனைப்பிரிவின் ஓரத்தில், அந்த உரிமையாளரின் நிலத்திலிருந்து மட்டும் வெட்டப்பட்டிருந்தால், அவர் வழிவந்த மனைக்காரருக்கே முழு அகலமும் போகும். எதிர்ப்பக்கம் வேறு மனைப்பிரிவைச் சேர்ந்ததாக இருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு, செலவிலும் பங்கு கொடுத்துவிட்டுக் கடைசியில் இதைக் கேள்விப்படுவது வேதனை. பழைய வரைபடத்தை முதலில் பாருங்கள் என்று சொன்னது இதற்காகவே.

யார் கையெழுத்திட்டார், யார் எதிர்த்தார் என்பது பங்கை மாற்றாது. எதிர்த்தவருக்கும் அவர் பாதி வந்து சேரும், அதற்கு அவர் சொத்து வரியும் கட்டுவார்.

கிடைத்த நிலத்தில் கட்டலாமா?

சட்டத்தின் வாசகத்தைப் பொறுத்தது. குழாய், கேபிளுக்காக நகரம் வசதியுரிமை வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பட்டையில் கட்டடம் கூடாது. செடி வைக்கலாம், கார் நிறுத்தலாம். தோண்டிப் பழுதுபார்க்க வரும்போது செடிக்கு ஈடு கேட்க முடியாது. குழாயை உங்கள் செலவில் இடம் மாற்றினால் வசதியுரிமையை விலக்க நகரம் ஒப்புக்கொள்ளக்கூடும். அந்தச் செலவு நிலத்தின் விலையைவிட அதிகமாகலாம் என்பதால் மனுவுக்கு முன்பே மதிப்பீடு வாங்குங்கள்.

இன்னொரு சிக்கல் குறைவாகவே பேசப்படுகிறது. பொது உரிமை போனாலும், அதே மனைப்பிரிவில் அந்தத் தெருவைக் காட்டி மனை வாங்கியவருக்குத் தனிப்பட்ட வழியுரிமை மிஞ்சியிருக்கலாம். வேறு வழியில்லாத பின்மனைக்காரர் ஒருவர் இருந்தால், நகரம் விட்டாலும் நீங்கள் அவரை மறிக்க முடியாது. அவரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்து பதிவு செய்வதே பாதுகாப்பு.

தெரு ஏரியிலோ கடலிலோ போய் முடிகிறது. அதைக் கேட்கலாமா?

கிட்டத்தட்ட முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்னீரையோ உப்புநீரையோ தொடும் தெருவை விடுவிக்க 35.79.035 தனிக் கட்டுப்பாடு போடுகிறது. துறைமுகம், கரைக்குப் போகும் வழி, படகுத்துறை, பூங்கா, காட்சிமேடை, கல்வி போன்ற பொதுப் பயனுக்காக நகரம் நிலத்தைப் பெற விடுவிக்கலாம். அல்லது அந்தத் தெரு இப்போது பயனில் இல்லை, மேலே சொன்ன எதற்கும் உதவாது என்று கவுன்சில் தீர்மானிக்க வேண்டும். அல்லது அதே கரையில் அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான பொது அணுகலைத் தரும் திட்டம் இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவது வழியில் போனால் அதே நீர்நிலையைத் தொடும் எல்லாத் தெருக்களையும் கணக்கெடுத்து ஆராய வேண்டும். எந்த வழியில் போனாலும் முழுச் சந்தை மதிப்பையும் கட்டியாக வேண்டும்.

கடுமையான விதிதான். இருக்க வேண்டியதும்தான். லேக் வாஷிங்டன் கரையில் வீடு இல்லாத குடும்பம் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போக மிஞ்சியிருக்கும் இடங்களில் இந்தத் தெருமுனைகளும் சேர்த்தி.

நகர எல்லைக்கு வெளியே இருந்தால்?

அப்போது அது கவுன்ட்டி சாலை, 36.87 அத்தியாயம் பொருந்தும். முகப்பில் பெரும்பான்மை உடையவர்கள் மனு செய்யலாம். கவுன்ட்டி பொறியாளர் ஆராய்ந்து அறிக்கை தருவார், பிறகு விசாரணை.

முழு விடுவிப்பு தேவையா? குறைந்த வழி ஏதாவது?

பல சமயம் உண்டு. வேலி, படிக்கட்டு, தோட்டம் போன்றவற்றுக்குத் தெருப்பயன்பாட்டு அனுமதி போதும். அது எப்போது வேண்டுமானாலும் ரத்தாகக்கூடியது, ஆனால் செலவு மிகக் குறைவு. இரண்டு கட்டடங்களை இணைக்கும் மேம்பாலத்துக்கோ நிலத்தடி வழிக்கோ காலவரையறை உள்ள அனுமதி கிடைக்கும். அடித்தளம் மட்டும் தெருவுக்குக் கீழே நீள வேண்டும் என்றால் நிலத்தடியை மட்டும் விடுவிக்கக் கேட்கலாம், மேலே தெரு தெருவாகவே இருக்கும். வாரத்தில் ஒருநாள் சந்தை போட மூடுவது போன்றவற்றுக்கு மனுவே வேண்டாம்.

விடுவிப்பை எதிர்ப்பவர் என்ன செய்யலாம்?

விசாரணைக்கு முன் எழுத்தில் கொடுங்கள், விசாரணையில் பேசுங்கள். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதைவிட, "காலை 8 மணிக்குப் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இந்தச் சந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், மாற்றுவழியில் நடைபாதை கிடையாது" என்பது எடுபடும். படமும் எண்ணிக்கையும் கூடவே இருக்கட்டும்.

கவுன்சில் முடிவெடுத்த பிறகு நீதிமன்றத்தில் மாற்றுவது கடினம். விடுவிப்பைச் சட்டமியற்றும் செயலாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. வழக்குத் தொடுப்பவர் அந்தத் தெருவை ஒட்டிய மனைக்காரராகவோ, தன் மனைக்கான அணுகல் அழிந்தோ பெரிதும் குறைந்தோ போனவராகவோ இருக்க வேண்டும். மற்றவர்களைப் போலச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பது மட்டும் போதாது. கட்டட அனுமதிகளை எதிர்க்கப் பயன்படும் நிலப்பயன்பாட்டு மேல்முறையீட்டுச் சட்டம், தெரு விடுவிப்பு விண்ணப்பங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே தெரிந்த வழியிலேயே போய்ப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல், முடிவு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது. இனி ஏதாவது பாக்கி உண்டா?

சான்றிட்ட நகல் உண்மையிலேயே பதிவாகிவிட்டதா என்று கவுன்ட்டி பதிவு எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். டைட்டில் காப்பீட்டு நிறுவனத்திடம் புதிய பகுதியைச் சேர்க்கக் கேளுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் தெரிவியுங்கள். பிறகு வீட்டை விற்கும்போது பத்திரத்தில் மனை எண்ணோடு, விடுவிக்கப்பட்ட தெருவின் பகுதியையும் நகரச் சட்ட எண்ணோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடி, கோணம் அளந்து பழைய எல்லையை மட்டும் எழுதிய பத்திரமாக இருந்தால், அந்தத் துண்டு விற்கப்பட்டதா இல்லையா என்று பத்து வருடம் கழித்து யாரோ இருவர் வழக்காட வேண்டி வரும்.